நோட்டில் இல்லாத மதினி

எங்கள் ஊரில் எத்தனை பேர் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒரு எண் எழுதியிருக்கும். பெயிண்ட் உதிர்ந்து பாதிதான் தெரியும். கோயில் நோட்டில் வேறு எண். அது தலைக்கட்டு எண். கல்யாணமான ஆம்பளை ஒரு ஆள் என்றால் ஒரு தலைக்கட்டு. பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் அவனுக்குள் அடக்கம். உள்ளபடி எத்தனை உயிர் என்று தெரிய வேண்டுமென்றால் மதினியைத்தான் கேட்க வேண்டும்.

மதினி என் பெரியப்பா மகனின் சம்சாரம். பேரை இதில் எழுதப்போவதில்லை. எழுத வேண்டிய இடத்தில் எழுதாதவன் நான்.

ஊர் கறம்பக்குடி பக்கம். பஸ் ஸ்டாண்டு இருக்கிறது, பேங்க் இருக்கிறது, தியேட்டர் கல்யாண மண்டபம் ஆகிவிட்டது. அதனால் டவுன் என்று சொல்லிக்கொள்கிறோம். நான் அஞ்சாவது வரை படித்தேன். டிராக்டர் ஓட்டுகிறேன். கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்று கோயில் நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். இன்று வரை என் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கிறது.

மதினிக்கு முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. ரோட்டோரம் தகரக் கொட்டகை. வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டி உடைக்க வேண்டும். தோட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். மதினியின் விரல் நுனியெல்லாம் கறுத்து வழவழவென்று இருக்கும். ரேஷன் கடை மிஷின் அந்த விரலை எடுக்காது.

“ரேகை விழலம்மா. வேற விரலு வைங்க” என்பார் கடைக்காரர்.

பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு மதினி கேட்கும்: “கால் விரலு வைக்கவா?”

கியூவே சிரிக்கும்.

“இந்த மிஷினும் நம்ம ஊரு மாதிரிதான். ஆளு முன்னாடி நிக்கிறது தெரியமாட்டேங்குது” என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதல் விரலிலிருந்து வைக்கும்.

மதினிக்கு ஒரே ஒரு பழக்கம். ஆட்களை எண்ணும். கல்யாண வீட்டில் எண்ணும், இழவு வீட்டில் எண்ணும், பஸ்ஸில் ஏறினால் எண்ணும். உதடு மட்டும் அசையும். கொட்டகையில் மற்ற பொம்பளைகள் வம்புக்கு இழுப்பார்கள்.

“ஏக்கா, மேலத்தெரு கடைசி வீட்டுல எத்தன பேரு?”

“ஏழு.”

“அஞ்சு பேருதானக்கா இருக்காக?”

“மூத்தவன் சிங்கப்பூர்ல இருக்கான். சின்ன மருமவ முழுகாம இருக்கா. ஏழு.”

“வயித்துல உள்ளத எண்ணாதக்கா, கண்ணு படும்.”

“எண்ணாம விட்டா, அது எந்த ஊருன்னு நெனைச்சுக்கிட்டுப் பொறக்கும்?”

செத்தவர்களை உடனே கழிக்காது. பதினாறு முடியட்டும் என்னும். ஓடிப்போனவர்களைக் கழிக்கவே கழிக்காது. அப்படி ஓடிப்போனவர்களில் ஒருத்தர் மதினியின் புருஷன், என் அண்ணன்.

மகளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அண்ணன் போனார். சிங்கப்பூர் போயிருக்கிறார் என்று ஊருக்குச் சொன்னோம். திருப்பூரில் இன்னொரு பொம்பளையோடு இருந்தார். எங்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனாலும் சிங்கப்பூர் என்றே சொன்னோம். கேட்டவர்களும் சிங்கப்பூரில் எப்படி இருக்கிறார் என்றே கேட்டார்கள். அவர் பேருக்கு உள்ள திருவிழாத் தலைக்கட்டு வரியை வருஷா வருஷம் நானே கட்டினேன். பேர் விட்டுப்போனால் குடும்பத்துக்குக் கேவலம். திருவிழா முடிந்து கிடா வெட்டினால் தலைக்கட்டுக்கு ஒரு பங்கு கறி. அண்ணன் பங்கும் என் வீட்டுக்கு வந்தது. சாப்பிட்டோம்.

முதல் வருஷம் அம்மா அந்தக் கறியில் ஒரு கிண்ணம் மதினி வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். கிண்ணம் அப்படியே திரும்பி வந்தது.

“என் பேருல வந்தா சாப்புடுறேன்னு சொல்லுச்சு” என்றாள் கொண்டுபோன என் தங்கச்சி.

அம்மாவுக்குக் கோபம். எனக்கும்தான்.

ஒரு தடவை காலேஜ் வாத்தியார் ஒருத்தர் ஊர் வரலாறு எழுத வந்தார். கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். ஊர் அம்பலம்தான் சொன்னார். அம்பலம் என்றால் கூட்டத்துக்குத் தலைமை. அவர் சொன்னால் சொன்னதுதான்.

“ஆதியில ஏழு அண்ணந்தம்பிக வந்தாங்க. ஆளுக்கு ஒரு கல்லு நட்டாங்க. அந்த ஏழு கல்லுதான் இப்ப நீங்க பாக்குற கோயிலு. அந்த ஏழு பேரு வம்சந்தான் நாங்க.”

வாத்தியார் எழுதிக்கொண்டிருந்தார். மதினி வேலை முடிந்து கூடையோடு அந்தப் பக்கம் போனது. நின்றது.

“மாமா, ஏழு பேருதான் வந்தாங்களா? கூட பொம்பளைக யாரும் வரலையா?”

“வந்திருப்பாகத்தா.”

“எத்தன பேரு?”

அம்பலம் எங்களைப் பார்த்தார். “அத யாரு எண்ணுனா?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“எண்ணணும்ல. இல்லாட்டி ஏழு ஆம்பளையும் கல்ல நட்டுப்புட்டு, கஞ்சி காய்ச்சத் தெரியாம செத்துல்ல போயிருப்பாங்க? ஊரு எங்கேருந்து வந்துச்சு?”

எல்லாரும் சிரித்தோம். அம்பலமும் சிரித்தார். வாத்தியாரும் சிரித்தார். ஆனால் அதை அவர் எழுதவில்லை. இப்போது செல்போனில் எங்கள் ஊர் பேரைப் போட்டால் ஏழு அண்ணந்தம்பிகள் வருகிறார்கள். என் மகன் காட்டினான்.

சர்க்கார் கணக்கெடுப்பு வந்த வருஷம் ஒரு டீச்சர் வீடு வீடாக வந்தார். வீடு காட்ட நான் கூடப் போனேன். மதினி வீட்டு வாசலில் டீச்சர் கேட்டார்: “குடும்பத் தலைவர் பேரு?”

நான் அண்ணன் பேரைச் சொன்னேன்.

“எங்க இருக்காரு?”

“சிங்கப்பூர்” என்றேன்.

“சிங்கப்பூரெல்லாம் இல்லீங்க டீச்சர்” என்றது மதினி. “திருப்பூர்ல இன்னொருத்தியோட இருக்காரு. இந்த வீட்டுல சோறு வடிக்கிறது நானு. கரண்டு பில்லு கட்டுறது நானு. கூரைய எடுத்துட்டு ஷீட்டு போட்டதும் நானு.”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. “அப்ப நீங்கதாம்மா குடும்பத் தலைவர்” என்று எழுதினார்.

“எங்க எழுதுனீங்க, காட்டுங்க.”

டீச்சர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். மதினிக்கு எழுத்துக்கூட்டி அதன் பேரை மட்டும் படிக்கத் தெரியும். விரலைக் கிட்டே கொண்டுபோனது. கறை பட்டுவிடும் என்று தொடாமல், எழுத்துக்கு மேலேயே விரலை ஓட்டிப் படித்தது.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தது.

“கொழுந்தனாரே, சர்க்காரு நோட்டுல ஏறியாச்சு. ஒங்க நோட்டுல எப்ப?”

“அது வேற மதினி, இது வேற.”

“என்ன வேற? தாலி அறுத்தவளுக்கு அரை வரி போடுறீங்க. அவ அரை ஆளு. புருஷன் கூட இருக்கறவ அவனுக்குள்ள அடக்கம். அவரு செத்தா நான் அரை ஆளு. வந்தா அவருக்குள்ள போயிருவேன். இப்ப நான் என்னன்னு ஒங்க நோட்டப் பாத்துச் சொல்லுங்க.”

நோட்டில் அதற்கு இடம் இல்லை.

“எனக்குக்கூட வேணாம் தம்பி. புள்ள முளைப்பாரி எடுக்கணும்னு ரெண்டு வருஷமா கேக்குது. அதுக்கு என்ன பதில் சொல்ல?”

தலைக்கட்டுக்கு ஒரு முளைப்பாரி. அண்ணன் பேருக்கு உள்ளதை என் தங்கச்சிதான் தூக்கிக்கொண்டிருந்தாள். அது மதினிக்கும் தெரியும், சொல்லவில்லை.

“கூட்டத்துல கேக்குறேன் மதினி” என்றேன்.

“முழு வரி நான் கட்டுறேன். தனியா எழுதச் சொல்லுங்க. ஒங்க வாயால கேட்டா கேப்பாங்க.”

உண்மைதான். பங்காளி நான், நோட்டுக்காரனும் நான். நான் கேட்டிருந்தால் பேசியிருப்பார்கள்.

திருவிழாக் கூட்டம் நடந்தது. எல்லாம் முடிந்து அம்பலம் வழக்கம்போல் கேட்டார்: “வேற எதுவும் இருக்காப்பா?”

“ஒண்ணும் இல்லைங்க” என்றேன்.

அந்த மாதம் தங்கச்சிக்கு அரிமளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களிடமும் சிங்கப்பூர் என்றுதான் சொல்லியிருந்தோம். மதினி பேரைத் தனியாக எழுதினால் அண்ணன் எங்கே என்று கூட்டத்தில் வாய்விட்டுப் பேச வேண்டி வரும். அந்தப் பேச்சு அரிமளம் போக எவ்வளவு நேரம் ஆகும்.

திரும்பி வரும்போது மதினி தெருக்குழாயடியில் நின்றது. குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

“கேட்டீங்களா தம்பி?”

“கேட்டேன் மதினி. ஒத்துக்கல.”

“யாரு ஒத்துக்கல?”

“எல்லாருந்தான்.”

மதினி குழாயை மூடியது. குடத்தை இடுப்பில் வைத்தது. “சரி. ஒங்களுக்குச் செரமம் குடுத்துட்டேன். அடுத்த வருஷம் கேட்டுப் பாருங்க” என்றது.

அடுத்த வருஷமும் கேட்கவில்லை. கேட்டேன் என்று சொன்னேன். அதற்குள் தங்கச்சி கல்யாணம் முடிந்துவிட்டது. பயப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் கேட்க முடியவில்லை. இப்போது கேட்டால் முன்னே கேட்கவில்லை என்பது வெளியே வந்துவிடும். ஒரு பொய்க்காக இன்னொன்று. மூன்றாம் வருஷம் மதினி வாய்திறந்து கேட்கவில்லை. பார்த்தது. நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு பார்க்கவும் இல்லை.

ஊர் மேல் மதினிக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எண்ணுவதையும் விடவில்லை.

புயல் அடித்த மறுநாள் காலையில் எல்லாரும் ஹைஸ்கூலில் இருந்தோம். ஒரு தென்னை நிற்கவில்லை. முந்திரிக்காடு முழுக்கச் சாய்ந்து கிடந்தது. அரிசி கொடுப்பதற்கு ஆபீசர் ஒருத்தர் ரேஷன் கார்டைப் பார்த்து லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தார். மதினி வகுப்பு வகுப்பாகப் போய் வந்தது. உதடு அசைந்தது.

“நாலு பேரு கொறையுது” என்றது.

“யாரு வீட்டு ஆளுக?” என்று கேட்டேன்.

“யாரு வீடும் இல்ல. கயித்து மில்லுல கெடக்குற வடக்கத்தி ஆளுக.”

“அவனுக நம்ம ஊரா?” என்றார் ஒருத்தர்.

“எங்க சோறு தின்னு எங்க படுக்குறானுகளோ அதான் ஊரு” என்று சொல்லிவிட்டு, கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடந்தது. ஒரு பொம்பளை தனியாகப் போகிறதே என்று நானும் இரண்டு பேரும் பின்னால் போனோம். போகாமல் இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றுதான் போனேன்.

மில் கொட்டகை விழுந்து கிடந்தது. மூன்று பேர் மிஷினுக்கு அடியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது ஆளின் கால் உத்தரத்துக்கு அடியில். தூக்கி எடுத்தோம். அவன் மதினி கையைப் பிடித்துக்கொண்டு அவன் பாஷையில் என்னவோ சொல்லி அழுதான். மதினிக்கு அந்தப் பாஷை தெரியாது. நாலு தலையையும் ஒவ்வொன்றாகத் தொட்டது. “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. சரியாப் போச்சு” என்றது.

ஸ்கூலுக்குத் திரும்பியதும் ஆபீசரிடம் சண்டை போட்டு நாலு பேரையும் லிஸ்டில் ஏற்றியது. கார்டு இல்லை என்றார். “வயிறு இருக்குல்ல சார்?” என்றது. எழுதினார். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டது. நான் மூன்று வருஷமாக முடிக்காத வேலை.

புயலுக்கு அடுத்த வருஷம் அண்ணன் வந்தார். சர்க்கரை வியாதி, வலது காலில் இரண்டு விரல் எடுத்திருந்தார்கள். திருப்பூர் பொம்பளை சேர்க்கவில்லையாம். ஒரு பையோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்தார். அம்மா கட்டிப்பிடித்து அழுதாள். மூன்று நாள் இருந்தார். நாலாம் நாள் திருவிழாக் கூட்டம்.

நான் வரிசையாகப் பேர் வாசித்தேன். அண்ணன் பேர் வந்தது. வழக்கமாக நான்தான் “இருக்கு” என்பேன். அன்றைக்கு அவரே எழுந்து “இருக்கேன்” என்றார்.

கூட்டத்துக்குச் சந்தோஷம். “வாப்பா சிங்கப்பூரு” என்று ஒருத்தர் கத்தினார். சிரிப்பு. அம்பலம் வெற்றிலை கொடுத்தார். “ஆளு எங்க இருந்தா என்ன, ஒரு வருஷம் வரி நின்னதில்ல” என்றார். அண்ணன் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு, “என் வீட்டுலயே போயி இருந்துக்கிறேன்” என்றார். இடம் அவர் பேரில் உள்ளது. கூரையை மாற்றி ஷீட்டு போட்டது மதினி.

அப்போதுதான் மதினி உள்ளே வந்தது. எங்கள் கூட்டத்துக்குப் பொம்பளைகள் வருவதில்லை. வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தது. கையில் சாம்பல்.

“மாமா, ஒரு வார்த்தை. அவரு வரட்டும், இருக்கட்டும். அவரு பேருல என்னைய அடைக்காதீங்க. என்னையத் தனியா ஒரு தலைக்கட்டா எழுதுங்க. அந்த வீடு என் தலைக்கட்டு.”

அம்பலம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“ஏத்தா, இம்புட்டு வருஷமா கேக்காம, ஆளு வந்தப்புறம் வந்து கேக்குறியே. இன்னைக்கு எப்புடி எழுதுறது? புருஷன் பொண்டாட்டியப் பிரிச்ச பாவம் ஊருக்கு வரும். அவரு இல்லாதப்ப ஒரு வார்த்தை கேட்டுருந்தா பேசி முடிவு பண்ணியிருக்கலாம்ல? யாருமே கேக்கலையேத்தா.”

மதினி என் பக்கம் திரும்பியது.

நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பேர், அதற்குக் கீழே என் பேர். என் குண்டு கையெழுத்து. மதினி என்னைப் பார்க்கிறது என்று தெரியும். கூட்டமும் பார்க்கிறதா என்று தெரியவில்லை. ஒரு வார்த்தை போதும். வாய் வரவில்லை.

“ஆமாங்க மாமா” என்றது மதினி. “கேக்காம விட்டது என் தப்புதான்.”

திரும்பிப் போய்விட்டது.

மகளுக்குக் குளத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அங்கே ரூம் எடுத்திருந்தாள். மதினி இரண்டு நாளில் சாமானைக் கட்டிவிட்டது. வீட்டைக் கூட்டிச் சாவியை அண்ணனிடம் கொடுத்தது. டிராக்டரில் கொண்டுவந்து விடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றது. இரண்டு சாக்கு, ஒரு டிரங்குப் பெட்டி. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பெட்டியை மட்டும் நான் தூக்கினேன். அதற்குத் தடை சொல்லவில்லை.

பஸ்ஸுக்காக நின்றோம். கடைசியில் கேட்டேன்.

“ஏன் மதினி அப்புடிச் சொன்னீங்க? இவன்தான் கேக்கலன்னு கூட்டத்துல சொல்லியிருக்கலாம்ல?”

மதினி பஸ் வரும் பக்கத்தையே பார்த்தது.

“சொன்னா ஒங்களையும் ஊருல ஒரு ஆளா எண்ண மாட்டாங்க. நான் ஒருத்தி வெளிய நிக்கிறது போதாதா தம்பி?”

பஸ் வந்தது. ஏறிக்கொண்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்துப் போகச் சொல்லிக் கையை அசைத்தது. பஸ் திரும்பும் வரை நின்றேன்.

அந்த வருஷத் திருவிழா நன்றாக நடந்தது. முளைப்பாரி ஆற்றில் போய்ச் சேர்ந்தது. மறுநாள் கிடா வெட்டி, தார்ப்பாய் விரித்து, கறியைக் கூறு போட்டு வைத்தார்கள். நான் நோட்டைப் பார்த்துப் பேர் வாசித்தேன். ஒவ்வொருத்தராக வந்து எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் நொண்டிக்கொண்டே வந்து அவர் கூறை அவரே எடுத்தார். என் கூறைக் கடைசியில் எடுத்தேன். தார்ப்பாய் காலி. ஒரு கூறு மிஞ்சவில்லை, ஒரு கூறு குறையவில்லை.

அம்பலம் என் முதுகில் தட்டினார்.

“பாத்தியா, ஊருல ஒரு ஆளு விட்டுப்போகல. ஒன் கணக்கு என்னைக்கும் சுத்தம்ப்பா.”

“ஆமாங்க” என்றேன்.